காலடியில் கரண்ட்: ஒரு யூனிட்டுக்கு எத்தனை மிதி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் படிக்கும் முதல் பாடம் ஒன்று உண்டு. மூன்று பக்கக் கடிதத்தைத் தட்டுத் தடுமாறி டைப் செய்து முடித்திருப்போம். சேவ் செய்யலாம் என்று மவுஸை நகர்த்தும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். அதன் பிறகுதான், கடைக்காரர் சொல்லியும் வாங்காமல் விட்ட யு.பி.எஸ்.ஸின் அருமை புரியும்.

இப்படி இருட்டில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு "சும்மா நடந்தாலே மின்சாரம்" என்ற செய்தி கண்ணில் பட்டால் ஆசை வரத்தான் செய்யும். ரயில் நிலையத்தில் மக்கள் நடக்கிறார்கள், தரை மின்சாரம் தயாரிக்கிறது, விளக்கு எரிகிறது. டான்ஸ் ஆடுகிறார்கள், தரை பளிச்சிடுகிறது. இப்படிப் பல வீடியோக்கள் நண்பர்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. கூடவே "ஜப்பான்காரன் செய்துவிட்டான், நாம் எப்போது?" என்ற ஒரு வரியும் தவறாமல் இருக்கும்.

செய்தி பொய்யில்லை. காலடியிலிருந்து மின்சாரம் எடுக்க முடியும். எவ்வளவு என்ற கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. அதை உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரை வைத்தே கேட்டுவிடலாம். எனக்கும் அந்தக் கணக்கைப் போட வேண்டிய கட்டாயம் ஒரு மாணவர் மூலமாகத்தான் வந்தது.

பிளைவுட் பலகையும் ஆறு விளக்குகளும்

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இன்ஜினியரிங் கடைசி ஆண்டு. ஒரு நாள் மாலை பெரிய பிளைவுட் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அங்கிள், இதை மிதிச்சுப் பாருங்க" என்றார். மிதித்தேன். ஓரத்தில் வரிசையாக இருந்த ஆறு எல்.இ.டி. விளக்குகள் மினுக் என்று எரிந்து அணைந்தன. மல்டிமீட்டர் 18 வோல்ட் காட்டியது. "பஸ் ஸ்டாண்ட் முழுக்க இதைப் பதிச்சா ஊருக்கே கரண்ட் கொடுக்கலாம்னு ரிப்போர்ட்ல இருக்கு" என்றார்.

ரிப்போர்ட்டை எழுதியது அவர் அல்ல. பலகையும் ரிப்போர்ட்டும் சேர்த்து ஒரு புராஜெக்ட் சென்டரில் விலைக்கு வாங்கியது. சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்த அவருடைய அம்மாவும் பின்னாலேயே வந்து நின்றார். "18 வோல்ட் வருதே, என் செல்போன் 5 வோல்ட்லதானே சார்ஜ் ஆகுது, இதுல போட்டா ஏன் ஏறவே மாட்டேங்குது?" என்பது பையனின் சந்தேகம். வைவாவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வது?

நல்ல சந்தேகம். பதில் உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது.

காஸ் லைட்டரின் ரகசியம்

காஸ் அடுப்பு பற்ற வைக்கும் லைட்டரைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் பேட்டரி கிடையாது. கட்டை விரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், நுனியில் ஒரு தீப்பொறி. வருடக்கணக்கில் வேலை செய்யும். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு குட்டிச் சுத்தியல், விரல் நுனி அளவில் ஒரு செராமிக் துண்டு. நாம் அழுத்தும்போது ஸ்பிரிங் இறுகி, சட்டென்று விடுபட்டு, சுத்தியல் அந்தத் துண்டை அடிக்கிறது. அடி வாங்கிய துண்டின் இரு முனைகளுக்கும் இடையே பல ஆயிரம் வோல்ட் தோன்றுகிறது. அதுதான் தீப்பொறியாகப் பாய்கிறது.

அழுத்தினால் மின்னழுத்தம் தரும் இந்தக் குணத்துக்கு பீசோ எலெக்ட்ரிக் விளைவு என்று பெயர். 1880-ஆம் ஆண்டு பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் குவார்ட்ஸ் முதலிய படிகங்களில் இதைக் கண்டறிந்தார்கள். இந்த பியர் கியூரிதான் பின்னாளில் மேரி கியூரியின் கணவர். இதே விளைவைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் லேசாக வளையும். உங்கள் வீட்டில் எப்சன் இன்க்ஜெட் பிரிண்டர் இருந்தால், அதன் ஹெட்டில் மைத்துளியைத் தள்ளிவிடுவது இப்படி வளையும் பீசோ துண்டுகள்தான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். லைட்டர் நுனியில் பல ஆயிரம் வோல்ட். வீட்டு பிளக்கில் 230 வோல்ட். ஆனால் லைட்டரை வைத்து யாரும் மிக்ஸி ஓட்டுவதில்லை. வோல்ட் என்பது தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் போன்றது. மொட்டை மாடிக்கும் மேலே இருபது அடி உயரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தால் உயரம் இருக்கும், ஆனால் குளிக்க முடியாது. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு. அந்த மொத்தக் கணக்கை ஜூல் என்ற அளவால் சொல்வார்கள். ஒரு வாட் என்பது ஒரு நொடிக்கு ஒரு ஜூல். நம் மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்.

பையனின் பலகைக்கு அடியில் ஒட்டியிருந்தவை வட்டமான பித்தளைத் தகடுகள். பிறந்தநாள் வாழ்த்து அட்டையைத் திறந்தால் பாட்டுப் பாடுமே, அதற்குள் இருக்கும் அதே ரகத் தகடு. ஒவ்வொன்றும் மிதிபடும்போது ஒரு டம்ளர் கூட இல்லை, ஒரு சொட்டு தருகிறது. எல்.இ.டி. விளக்குக்கு அந்தச் சொட்டு போதும். ஒரு நொடியின் சிறு பகுதி மினுக்கினால்கூட நம் கண் அதைப் பிடித்துவிடும். மல்டிமீட்டரும் மின்சாரத்தை ஏறக்குறைய குடிப்பதே இல்லை, உயரத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறது. செல்போன் அப்படியா? அது குடம் குடமாகக் கேட்கும்.

ஒரு மிதியில் எவ்வளவு?

பலகை எவ்வளவு தருகிறது என்று அளந்துவிடுவோம் என்றேன். 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை நான்கு டையோடு வழியாகப் பலகையுடன் இணைத்து, அதில் 5 வோல்ட் ஏறும் வரை மிதிக்கச் சொன்னேன். பையன் எண்ணிக்கொண்டே மிதித்தார். சரியாக 100 மிதி ஆனது. கீழ் வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று பார்க்க மேலே வந்துவிட்டார்.

இனி கணக்கு. எக்ஸெல்லைத் திறந்து ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் கிளிக் செய்யுங்கள். முதலில் சமக்குறி போட்டால்தான் இது கணக்கு என்று எக்ஸெல்லுக்குத் தெரியும். பெருக்கலுக்கு எக்ஸ் எழுத்தைத் தட்டாதீர்கள். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு 8-ஐத் தட்டினால் வரும் ஸ்டார் குறிதான் பெருக்கல். கெப்பாசிட்டரில் சேர்ந்த ஆற்றல் என்பது அதன் அளவில் பாதியை வோல்ட்டால் இரண்டு முறை பெருக்குவது.

=0.5*0.001*5*5

என்டர் தட்டினால் 0.0125 என்று வரும். அத்தனையும் 100 மிதிக்குச் சேர்ந்தது. ஆக ஒரு மிதிக்கு 0.000125 ஜூல். ஒரு சாதாரண செல்போன் பேட்டரி நிரம்ப சுமார் 55,000 ஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள். 44 கோடி மிதி! நொடிக்கு இரண்டு மிதி என்று சாப்பிடாமல் தூங்காமல் மிதித்தால் ஏறக்குறைய 7 ஆண்டுகள். பையன் முகம் வாடிவிட்டது. அம்மா பேசவே இல்லை.

ஆனால் இது மலிவான தகடுகளின் கணக்கு. நன்றாக வடிவமைத்த தரை இதைவிட எவ்வளவோ அதிகம் தரும். அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதையும் பார்த்துவிடுவது நியாயம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மிதிக்கும்போது ஒரு தரைக்கல் 5 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையைப் புவியீர்ப்பு எண்ணான 9.8-ஆல் பெருக்கி, இறங்கிய தூரத்தால் பெருக்க வேண்டும்.

=60*9.8*0.005

விடை 2.94 ஜூல். இதற்கு மேல் அந்த மிதியில் எடுக்க எந்த விஞ்ஞானியாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. தரை இன்னும் ஆழமாக இறங்க வேண்டும், அல்லது மிதிப்பவர் குதிக்க வேண்டும். இதில் பாதி மின்சாரமாக மாறுவதாக வைத்தால் ஒரு மிதிக்கு 1.5 ஜூல். தாராளமான கணக்குதான் இது.

உங்கள் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் இழுக்கிறது என்றால், நொடிக்கு 100 ஜூல் வேண்டும். அதாவது நொடிக்கு 67 மிதி. ஒருவர் நொடிக்கு இரண்டு அடி வைப்பார் என்றால், நீங்கள் ஒரு கடிதம் டைப் செய்து முடிக்கும் வரை 34 பேர் உங்கள் ஹாலில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அத்தனை பேருக்கும் காபி போடுவது யார்? ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை மிதி என்பதையும் வகுத்துவிடுங்கள். 36 லட்சத்தை 1.5-ஆல் வகுத்தால் 24 லட்சம் மிதி.

இன்னொரு கணக்கு. மிக நெரிசலான இடத்தில் ஒரே ஒரு கல்லைப் பதிக்கிறோம். தினமும் 16 மணி நேரம், இரண்டு நொடிக்கு ஒருவர் அதை மிதிக்கிறார். ஒரு நாளைக்கு 28,800 மிதி. ஆண்டு முழுவதும் சேர்த்தால் கிடைப்பது 4.4 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் வருமானம் 35 ரூபாய். அந்தக் கல்லைத் துடைக்கிறவருக்கு ஒரு நாள் டீ, வடைக்குத்தான் வரும்.

உலகம் செய்து பார்த்தது

ஜப்பானின் ஜே.ஆர். ஈஸ்ட் ரயில் நிறுவனம் டோக்கியோ ஸ்டேஷன் டிக்கெட் கேட்டுகளின் தரையில் 2006-லும் 2008-லும் பீசோ தகடுகளைப் பதித்துச் சோதனை செய்தது. 2008 டிசம்பரில் சவுண்ட்பவர் என்ற சிறு நிறுவனம் டோக்கியோவின் ஷிபுயா ஸ்டேஷன் வாசலில், ஹாச்சிகோ என்ற நாயின் சிலை இருக்கும் பக்கம், தன் தரைக்கல்லைப் பதித்தது. உலகமெங்கும் பரவிய படங்களில் பல அங்கே எடுத்தவை. அந்த நிறுவனத்தார் ஒளிவு மறைவு இல்லாமல்தான் சொன்னார்கள்: 60 கிலோ எடையுள்ளவர் ஒரு நொடியில் இரண்டு அடி வைத்துக் கடந்தால் 0.1 வாட். அதாவது ஒரு அடிக்கு 0.05 ஜூல். நம் பையனின் பலகையைவிட 400 மடங்கு. ஆனாலும் ஒரு யூனிட்டுக்கு 7 கோடியே 20 லட்சம் அடி வேண்டும். படத்தை அனுப்பியவர்கள் இந்த எண்ணை அனுப்பவில்லை.

பீசோவை விட்டுவிட்டு காந்தமும் கம்பிச்சுருளும் வைத்தால் கூடுதலாகக் கிடைக்கும். சைக்கிள் டைனமோவின் வேலைதான் இது. மிதிபட்டுக் கல் இறங்கும்போது உள்ளே ஒரு சிறு ஜெனரேட்டர் சுழல்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2008-இல் திறக்கப்பட்ட 'வாட்' என்ற நடன கிளப்பின் தரை இந்த வகை. ஆடுபவர்களின் கால் பட்டுத் தரை சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். அந்த மின்சாரத்தில் தரைக்குள் இருக்கும் வண்ண விளக்குகளே எரியும். இங்கே ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. நடனமாடுபவர் நடப்பவரைவிட ஓங்கி மிதிப்பார். அதோடு அவர் மிதிப்பதற்காகவே காசு கொடுத்து உள்ளே வருகிறார்!

இங்கிலாந்தில் லாரன்ஸ் கெம்பால்-குக் என்பவர் 2009-இல் தொடங்கிய பேவ்ஜென் நிறுவனம்தான் இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்டது. லண்டன் ஒலிம்பிக்கின்போது 2012-இல் வெஸ்ட் ஹாம் ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் பதித்தார்கள். 2014-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஏழைகள் வாழும் மலைப்பகுதியில் கால்பந்து மைதானத்துக்கு அடியில் சுமார் 200 கற்கள். திறப்பு விழாவுக்கு பெலேயே வந்தார். அந்த மைதான விளக்குகளுக்குச் சூரிய ஒளித் தகடுகளும் துணைக்கு இருந்தன என்பதைப் பல செய்திகள் கடைசி வரியில்தான் சொல்லின.

எனக்குப் பிடித்தது 2013 பாரிஸ் மாரத்தான். ஓட்டப் பாதையில் 176 கற்களைப் பதித்தார்கள். பல்லாயிரம் பேர் ஓடினார்கள். நடையைவிட ஓட்டத்தில் மிதி பலமாக விழும் என்பதால் இதைவிடச் சாதகமான சூழ்நிலை கிடைக்காது. அன்று மொத்தம் கிடைத்ததாக நிறுவனமே அறிவித்தது 4.7 யூனிட். நமது 100 வாட் கம்ப்யூட்டரை 47 மணி நேரம் ஓட்டலாம், அதாவது இரண்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. மொட்டை மாடியில் ஒரு கிலோவாட் சோலார் பேனல் வைத்தால், நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய இதே அளவு கிடைக்கும். யாரும் ஓட வேண்டாம்.

இலவசமா?

"எப்படியும் வீணாகப் போகிற சக்திதானே" என்பார்கள். பாதி உண்மை. குதிகால் தரையில் மோதும்போது கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகவும் சத்தமாகவும் போவது நிஜம். அதை மட்டும் எடுத்தால் நடப்பவருக்குத் தெரியாது. அதற்கு மேல் எடுக்க ஆரம்பித்தால், தரை அமுங்கும், அடுத்த அடிக்கு உடலை மறுபடி மேலே தூக்க வேண்டும். கடற்கரை மணலில் நடந்தவர்களுக்கு இது தெரியும். கால் இறங்க இறங்க மூச்சு வாங்கும்.

அந்தச் சக்தி சாப்பாட்டிலிருந்து வருகிறது. உண்ட உணவில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் நம் தசைகள் வேலையாக மாற்றும். தரை எடுத்துக்கொள்வது முழுவதையும் நாமே கூடுதலாகத் தர வேண்டும் என்று மோசமான நிலையைக் கணக்கிட்டால், ஒரு யூனிட்டுக்கு சுமார் 6,750 கலோரி. இட்லிக்கு 50 கலோரி என்றால் 135 இட்லி! சட்னி சாம்பார் கணக்கில் சேர்க்கவில்லை. சாலையில் வாகனங்கள் ஏறி இறங்கும் தட்டுகளில் மின்சாரம் எடுக்கும் திட்டங்களுக்கும் இதே கதைதான். பிரேக் போட வேண்டிய இடம் தவிர மற்ற இடத்தில் வைத்தால், ஓட்டுநரின் பெட்ரோலைத்தான் கறக்கிறோம்.

இந்த 'பிரேக்' விஷயத்தைச் சரியாகப் பிடித்தவர் கனடாவின் மேக்ஸ் டோனலன். நடக்கும்போது காலை வீசி முன்னே கொண்டுவந்து, கடைசியில் முழங்கால் தசை அதற்கு பிரேக் போடுகிறது. அந்த நேரத்தில் மட்டும் ஜெனரேட்டர் ஓடுகிற முழங்கால் பட்டையை அவர் குழு 2008-இல் செய்து காட்டியது. இரண்டு காலிலும் அணிந்தால் சுமார் 5 வாட். நடப்பவருக்குக் கூடுதல் களைப்பு மிகக் குறைவு. கரண்டே இல்லாத இடத்தில் நாள் முழுக்க நடக்கிற ஒருவருக்கு ஒரு செல்போனையோ ரேடியோவையோ சார்ஜ் செய்ய இது பயன்படும். ஆனால் கடைக்குப் போய்வர யாரும் அதைக் கட்டிக்கொண்டு கிளம்பமாட்டார்கள்.

கம்ப்யூட்டர் துறையிலும் இந்த ஆசை பழையது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த தாட் ஸ்டார்னர், உடம்பில் அணியும் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று 1996-இல் ஆராய்ந்தார். 68 கிலோ எடையுள்ளவரின் குதிகால் மிதியில் 67 வாட் இருக்கிறது என்று கணக்கிட்டார். இன்றும் பல மாணவர் ரிப்போர்ட்டுகளில் இந்த 67 வருகிறது. ஆனால் அது ஒவ்வொரு அடிக்கும் குதிகால் 5 சென்டிமீட்டர் இறங்கினால் மொத்தம் இருக்கும் சக்தி. அப்படிப்பட்ட செருப்பைப் போட்டு யார் நடப்பார்கள்? அதே எம்.ஐ.டி.யில் 1998-இல் பீசோ பொருத்திய ஷூவைச் செய்தபோது கிடைத்தது ஒன்றிரண்டு மில்லி வாட்தான். கையால் சுற்றும் லேப்டாப்பும் வந்தது. 2005 நவம்பரில் துனிஸ் நகரில் ஏழைக் குழந்தைகளுக்கான லேப்டாப்பின் மாதிரியை அறிமுகம் செய்தபோது, ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் கைப்பிடியைச் சுற்றினார். கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. பிறகு வெளிவந்த லேப்டாப்பில் கைப்பிடியே இல்லை.

எங்கே பயன்படும்?

அந்த எம்.ஐ.டி. ஷூவில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. மூன்று முதல் ஆறு அடிக்கு ஒரு முறை அது தன் அடையாள எண்ணை ரேடியோ அலையில் அனுப்பியது, பேட்டரி இல்லாமல். விளக்கு எரிக்க ஒரு சொட்டு போதாது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒரு சேதி அனுப்ப அந்தச் சொட்டு தாராளம். சீமென்சிலிருந்து 2001-இல் பிரிந்து தொடங்கிய என்ஓஷன் என்ற ஜெர்மன் நிறுவனம் இதையே வியாபாரமாக்கியது. சுவரில் ஒட்டும் ஸ்விட்ச், அதற்கு வயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. விரல் அழுத்தும் சக்தியிலேயே விளக்குக்கு உத்தரவு பறக்கும். சீக்கோ நிறுவனம் 1988-இல் விற்கத் தொடங்கிய கையசைவுக் கடிகாரங்களும் இந்த வகைதான். கேட்பது கொஞ்சம், கிடைப்பது கொஞ்சம், பொருந்திப்போகிறது.

இதைத்தான் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னேன். பலகையைத் தூக்கிப் போட வேண்டாம், தலைப்பை மாற்றிக்கொள். ஊருக்குக் கரண்ட் கொடுக்கும் தரை வேண்டாம், யார் மிதித்தாலும் எண்ணும் தரையாகச் செய். அவர் உடனே தகடுகளின் வயரைக் கம்ப்யூட்டரின் மைக் துளையில் சொருகப் போனார். தடுத்தேன். வாசகர்களும் கவனிக்கவும். பீசோ தகட்டை எக்காரணம் கொண்டும் கம்ப்யூட்டரில் நேராக இணைக்காதீர்கள். தட்டினால் பல வோல்ட் பாயும், சவுண்ட் கார்டு போய்விடும். தகட்டின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரும், 5.1 வோல்ட் ஜீனர் டையோடும் போட்டு, ஆர்டுயினோ போன்ற ஒரு சிறு போர்டு வழியாகத்தான் யு.எஸ்.பி.க்குக் கொண்டுவர வேண்டும்.

ஐந்து நாளில் செய்து முடித்தார். ரிப்போர்ட்டையும் இந்த முறை அவரே டைப் செய்தார், இடையில் இரண்டு தரம் கரண்ட் போனாலும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மிதி என்ற கணக்கை முதல் பக்கத்திலேயே போட்டார், பலகைக்கு, ஷிபுயா கல்லுக்கு, அதிகபட்சத்துக்கு என்று மூன்று வரிசையில். வைவா அன்று தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, "இதுல எத்தனை யூனிட் எடுக்கலாம்?" பையன் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அவர் படித்துவிட்டு எழுந்துவந்து பலகையில் ஒரு கால் வைத்தார். மானிட்டரில் 1 என்று வந்தது. மறு காலையும் வைத்தார், 2. பிறகு எல்லோரும் பார்க்கப் பலகையின் மேல் நின்றபடியே பத்து நிமிடம் கேள்வி கேட்டாராம்.

புராஜெக்ட் சென்டரில் கொடுத்த பணம் திரும்ப வரவில்லை.